காற்று வடிகட்டி தேடி கேமரன் மலைக்கு

கேமரன் மலைக்குப் போகிறவர்கள் குளிரை அனுபவிக்கப் போவார்கள். தேயிலைச் சரிவுகளைப் பார்த்து, ஸ்ட்ராபெரி வாங்கி, படம் பிடித்துக்கொண்டு திரும்புவார்கள். சென்ற பள்ளி விடுமுறையில் நானும் என் தகப்பனாரும் போனது வேறு காரியத்துக்காக. ஒரு பழைய இரும்புப் பாத்திரத்தைத் தேடிக்கொண்டு போனோம். தோட்டங்களில் பழைய காடி வைத்திருக்கும் அன்பர்களுக்கு உபயோகப்படும் என்பதால் அந்தக் கதையை எழுதுகிறேன்.

என் தகப்பனார் கீழ்ப் பேராக்கில் ஒரு தோட்டத்தில் காடியோட்டியாக இருந்தவர். துரையின் லேண்ட் ரோவர் அவர் பொறுப்பில் இருந்தது. 1974-ஆம் ஆண்டுக் காடி. சீரிஸ் திரீ என்பார்கள். தோட்டத்தில் பழைய காடிகளை விற்றபோது, தாம் ஓட்டிய அதே காடியைச் சேமிப்புப் பணத்தைக் கொடுத்து வாங்கி வந்தார். அம்மா ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. ஆனால் இடுப்பு வலி கண்ட பெண்களையும், பாம்பு கடித்தவர்களையும், மழையில் மாட்டிக்கொண்ட பள்ளிப் பிள்ளைகளையும் அந்தக் காடி பட்டணத்துக்குக் கொண்டு சேர்த்ததை லயத்து மக்கள் இன்றும் சொல்வார்கள். அம்மாவும் பிறகு சமாதானமாகிவிட்டார்.

இரண்டாண்டுகளுக்கு முன் அந்தக் காடிக்கு நானே ஒரு தீங்கு செய்தேன். தெரியாமல் செய்ததுதான். ஆனாலும் தீங்கு தீங்குதான்.

லேண்ட் ரோவரில் எஞ்சினுக்குப் பக்கத்தில் உருளையாக ஓர் இரும்புப் பாத்திரம் இருக்கும். அதுதான் ஏர் கிளீனர், அதாவது காற்று வடிகட்டி. அதன் அடியில் எஞ்சின் எண்ணெய் ஊற்றியிருக்கும். எங்களுடையதில் அடிப்பகுதி துருப்பிடித்துக் கசிந்தது. பட்டணத்தில் ஒரு சாமான் கடையில் கேட்டேன். கடைக்காரர் கூம்பு வடிவத்தில், சிவப்புத் துணி மடிப்பும் பளபளக்கும் மூடியும் கொண்ட புது மாதிரி வடிகட்டியைக் காட்டினார். “இதைப் போட்டால் காற்று தாராளமாகப் போகும், காடி பறக்கும்” என்றார்.

அப்பா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது தார் ரோட்டுக்கு உள்ளது, பாப்பா. நம் சடக்குத் தூசிக்குத் தாங்காது” என்றார்.

நான் கேட்கவில்லை. படித்தவள் அல்லவா! புதியதை மாட்டினேன். பழையதைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்து எட்டு வெள்ளி வாங்கினேன்.

சில மாதங்களில் காடி எஞ்சின் எண்ணெயைக் குடிக்கத் தொடங்கியது. பின்னால் நீலப் புகை. வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் ஒரு நாள் காலை, மாவட்டக் கவிதை ஒப்புவிக்கும் போட்டிக்கு நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தியை ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். செம்பனைக் குலை பொறுக்கும் தாயின் மகள். வீட்டில் இரவெல்லாம் பாடம் சொல்லிப் பார்த்திருக்கிறாள். தோட்டத்து மேட்டில் ஏறும்போது காடி இழுவை இழந்து நின்றுவிட்டது. கைப்பேசிக்கு அலை கிடைக்காத இடம். குலை ஏற்றும் லோரி ஒன்று வந்து எங்களைச் சேர்ப்பதற்குள் போட்டி முடிந்துவிட்டது.

“பரவாயில்லை டீச்சர், அடுத்த வருஷம் போகலாம்” என்று அந்தப் பிள்ளை எனக்கு ஆறுதல் சொன்னாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பட்டறையில் மெக்கானிக் வடிகட்டியிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர்க் குழாயைக் கழற்றி, உள்ளே வெள்ளைத் துணியால் துடைத்துக் காட்டினார். துணி செக்கச் செவேலென்று வந்தது. கூம்பின் கழுத்து அந்தக் குழாய்க்கு ஒட்டிப் பொருந்தவில்லை. இடுக்கு வழியாகத் தூசி நேரே உள்ளே போயிருக்கிறது.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிவதற்கு ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று வேண்டும். அவ்வளவு காற்றும் நம் செம்மண் சடக்கின் தூசியோடுதான் வருகிறது. அந்தத் தூசியில் நுண்ணிய மணல் உண்டு. அது எஞ்சின் எண்ணெயில் கலந்தால் சாணை பிடிக்கும் பசை போல ஆகி, பிஸ்டன் வளையங்களையும் சிலிண்டர் சுவரையும் தேய்த்துவிடும். தேய்ந்த இடுக்கில் எண்ணெய் மேலேறி எரிவதுதான் நீலப் புகை. சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் போட என் இரண்டு மாதச் சம்பளம் போயிற்று.

“அன்றே சொன்னேனே” என்று அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. “பழைய மாதிரி ஏர் கிளீனர் கிடைத்தால்தான் காடியை வெளியே எடுக்கணும்” என்று மட்டும் சொன்னார். “எங்கே கிடைக்கும் அப்பா?” என்றேன். “மலையில்” என்றார்.

என்னுடைய பழைய கஞ்சில் காரில் தாப்பாவிலிருந்து ஏறினோம். வளைவுக்கு மேல் வளைவு. லாத்தா இஸ்கந்தார் அருவி அருகே நிறுத்திப் பசியாறினோம். வழியோரத்தில் ஓராங் அஸ்லி மக்கள் பெத்தாயும் தேனும் விற்றுக்கொண்டிருந்தார்கள். 1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலைப்பகுதியை ஆய்ந்து போனதால் அவர் பெயரே இதற்கு நிலைத்தது. 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது. அந்தச் சரிவுகளில் கொழுந்து பறித்தவர்களில் நம்மவர் பலர்.

ரிங்லெட் தாண்டியதும் அப்பாவுக்கு இருபது வயது குறைந்துவிட்டது. எதிரே கோசும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு லேண்ட் ரோவர்கள் வரிசையாக இறங்கின. சேறு அப்பியவை, கதவில்லாதவை, கூரைக்குத் தகரம் அடித்தவை. “அதோ, விளக்கு இரண்டும் நடுவில் இருக்கிறதே, அது பழைய டூ. நம்முடையதற்கு விளக்கு மட்கார்டில் இருக்கும்” என்று ஒவ்வொன்றுக்கும் ஜாதகம் சொன்னார். பிரிஞ்சாங் போய்ச் சேர்வதற்குள் நாற்பத்தேழு எண்ணிவிட்டார்.

இங்கிலாந்தில் ரோவர் கம்பெனியின் மாரிஸ் வில்க்ஸ் என்ற பொறியியலாளர் தம் பண்ணையில் அமெரிக்கப் போர்க்கால ஜீப் ஒன்றை வைத்து வேலை செய்து பார்த்து, அது போல ஒன்று நாமே செய்யலாம் என்று உருவாக்கியது இந்தக் காடி. 1948-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதலில் வைத்தார்கள். போருக்குப் பின் எஃகு தட்டுப்பாடாக இருந்ததால் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். இந்த மலை ஈரத்தில் இன்னும் உழைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பிரிஞ்சாங்கில் முருகன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, விசாரித்து ஒரு பட்டறையைக் கண்டுபிடித்தோம். நம்மவர்தான், தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அறுபது வயதிருக்கும். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் அப்பாவைப் பார்த்து விளக்கத் தொடங்கினார். அப்பா கையை உயர்த்தி நிறுத்தினார்.

“டீச்சரிடம் சொல்லுங்க தம்பி. எனக்குக் கண் மங்கிப்போச்சு. இனிமேல் காடியைப் பார்த்துக்கொள்ளப் போவது அவள்தான்.”

அப்பா இதுவரை என்னிடம்கூட அப்படிச் சொன்னதில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“எது நல்ல வடிகட்டி அண்ணே?” என்று கேட்டேன்.

“எந்த ரோடு, யார் பார்த்துக்கொள்வது, இரண்டையும் சொன்னால்தான் எது நல்லது என்று சொல்ல முடியும், டீச்சர்” என்றார். அவர் சொன்னதன் சாரம் இது.

காகித வடிகட்டி நுண்ணிய தூசியை நன்றாகப் பிடிக்கும். எண்ணெய்ப் பாத்திரத்தைவிட நன்றாகவே பிடிக்கும். இதை அவர் ஒளிக்காமல் சொன்னார். ஆனால் லோரிக்குப் பின்னால் ஓடும் காடியில் அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். நனைந்தால் மூச்சு முட்டும். கழுவக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். தார் ரோட்டில் ஓடுகிறவர்களுக்கும், தவறாமல் வாங்கி மாற்ற வசதியுள்ளவர்களுக்கும் அது ஏற்றது.

எண்ணெய் தடவிய துணியையும் பஞ்சையும் கழுவி மறுபடி உபயோகிக்கலாம். ஆனால் கழுவியபின் அளவாக எண்ணெய் தடவ வேண்டும். உலர்ந்துவிட்டால் தூசி புகும். மூடி இல்லாத கூம்பாக இருந்தால் எஞ்சின் சூட்டையும் மழைத் தண்ணீரையும் சேர்த்து இழுக்கும். “ஏறக்குறைய எழுபது குதிரைச் சக்தியுள்ள எஞ்சின், டீச்சர். அதற்குப் பறக்கிற காற்று எதற்கு?” என்று சிரித்தார்.

எண்ணெய்ப் பாத்திரத்தில் காற்று மேலிருந்து இறங்கி, எண்ணெய்க்கு அருகில் சட்டென்று திரும்பி மேலேறும். கனமான தூசி திரும்ப முடியாமல் எண்ணெயில் விழுந்து அடியில் தங்கும். மிச்சத்தை எண்ணெய் நனைத்த கம்பி வலை பிடிக்கும். பெருந்தூசிக்குச் சளைக்காது, எதையும் வாங்கி மாற்ற வேண்டியதில்லை. ஆனால் சோம்பேறிக்கு உதவாது.

“எதைப் போட்டாலும் முதலில் இடுக்கு இருக்கக் கூடாது. காடிக்கென்று செய்த பாத்திரம், அதற்குரிய குழாய், இறுக்கமான பட்டை. இது சரியில்லையென்றால் ஆயிரம் வெள்ளி வடிகட்டியும் வீண்” என்றார்.

உள்ளே போய் ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். மேலே நசுங்கல், ஆனால் அடியில் துருவில்லை. ரப்பர் வளையம் புதியது போட்டு 120 வெள்ளி கேட்டார். அப்பா தம் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். என்னைக் கொடுக்க விடவில்லை.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். “லேண்ட் ரோவரை இங்கே கொண்டு வந்தால் இழுவை குறையும். மலைமேல் காற்றே அடர்த்தி குறைவு. வடிகட்டியைக் குறை சொல்லாதீங்க!”

இப்போது ஞாயிறுதோறும் காலையில் அந்தப் பாத்திரத்தை நானே கழற்றுகிறேன். பழைய எண்ணெயைக் கொட்டி, மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாக உலரவிட்டு, எஞ்சினுக்கு ஊற்றும் அதே எண்ணெயைக் கோடு வரைக்கும் ஊற்றுகிறேன். முக்கால் லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். கோட்டைத் தாண்டி ஊற்றினால் எஞ்சின் எண்ணெயை உறிஞ்சிவிடும். டீசல் காடியாக இருந்தால் அது பெரிய ஆபத்து. சாவியை அணைத்தாலும் நிற்காமல் வெறிபிடித்து ஓடக்கூடும். ஆற்றையோ வெள்ளத்தையோ கடந்து வந்தால் அன்றே திறந்து பார்க்க வேண்டும். எண்ணெய் பால் நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். மாதம் ஒரு முறை குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்கிறேன். இதுவரை துணி வெள்ளையாகவே வருகிறது.

முதல் வாரம் திறந்தபோது அடியில் செம்மண் குழம்பு தங்கியிருந்தது. வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பாவிடம் காட்டினேன். விரலால் தொட்டு, தேய்த்துப் பார்த்துவிட்டு, “நம் சடக்குத்தான்” என்றார்.

அந்தப் பிள்ளை இப்போது ஐந்தாம் ஆண்டு. வருகிற மாதம் போட்டி. கவிதை அவளுக்கு மனப்பாடம். காடியும் ஆயத்தமாக இருக்கிறது. அன்பர்களே, புதியதை வாங்குவது தவறில்லை. வாங்குமுன் உங்கள் சடக்கைப் பாருங்கள். அந்தச் சடக்கில் முப்பது வருஷம் ஓட்டியவர் வீட்டில் இருந்தால் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.