ஃபால்ஸ் என்று எழுதியும் போன செய்தி

பணி ஓய்வுக்குப் பிறகு மாலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் 23 பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். வருகையைக் குறிக்க என் பழைய மாணவன் ஒருவன் ஒரு செயலி செய்து கொடுத்தான். பிள்ளை வராவிட்டால் வீட்டுக்குக் குறுஞ்செய்தி போகும்.

"டீச்சர், இது இரண்டு இடத்தில் ஓடும். ஒன்று நீங்கள் பழகிப் பார்க்க, இன்னொன்று நிஜம். நிரல் ஒன்றுதான். எந்தப் பட்டியலைப் படிக்கணும், செய்தி அனுப்பலாமா கூடாதா என்பதெல்லாம் நிரலுக்கு வெளியே எழுதியிருக்கும்" என்றான். அதற்கு என்விரான்மென்ட் வேரியபிள் என்று பெயர். 1979-இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே உண்டாம். எனக்குச் சட்டென்று புரிந்தது. ஒரே பாடப்புத்தகத்தோடு ஐந்து ஊர்ப் பள்ளிகளுக்கு மாற்றலாகிப் போனவள் நான். பிள்ளைகள் பெயர் அந்தந்த ஊர்ப் பதிவேட்டில்தானே இருக்கும்!

போன செவ்வாய் மாலை, பழகும் செயலியில் எல்லாருக்கும் 'வரவில்லை' என்று போட்டுப் பார்த்தேன். கால் மணி நேரத்தில் ஒரு அம்மா மில்லிலிருந்து செருப்புகூட இல்லாமல் ஓடி வந்தார். "டீச்சர், பாப்பா எங்கே?" பாப்பா முதல் வரிசையில் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தாள். அந்த அம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கை நடுங்கியது.

இரவு மாணவன் தேடிக் கண்டுபிடித்தான். பழகும் இடத்தில் 'செய்தி அனுப்பு' என்பதற்கு எதிரே ஃபால்ஸ் என்றுதான் எழுதியிருக்கிறான். ஆனால் வெளியிலிருந்து வரும் இந்த மதிப்புகள் நிரலுக்கு வெறும் எழுத்துகள். நிரலோ, 'ஏதாவது எழுதியிருக்கிறதா?' என்று மட்டும் பார்த்திருக்கிறது. ஐந்து எழுத்து இருக்கிறது, அப்படியானால் அனுப்பு! வெற்றாக விட்டிருந்தால் போயிருக்காது. போதாததற்கு நிஜ இடத்தின் அமைப்புக் கோப்பையே நகலெடுத்து வைத்திருந்ததால், பெற்றோரின் உண்மையான எண்கள் அதில் இருந்தன. திட்டத்தான் செய்தேன்; இத்தனை வயதிலும் தலையைக் குனிந்து நின்றான்.

இப்போது 'ட்ரூ' என்று சரியாக இருந்தால்தான் செய்தி போகும். வேறு எது இருந்தாலும் போகாது. ஒரு மதிப்பு விடுபட்டிருந்தால் செயலி திறக்கவே திறக்காது. பழகும் இடத்தில் எல்லாப் பிள்ளைக்கும் என் எண்தான்.

அந்த அம்மாவுக்கு அன்று அரை ஷிஃப்ட் கூலி போயிற்று. கொடுக்கப் போனேன், வாங்கவில்லை.

நேற்று 'ட்ரூ' என்று மாற்றிச் சோதித்தோம். "உங்கள் பிள்ளை இன்று வரவில்லை" என்று என் போனுக்கு 23 முறை வந்தது.