கண்ணாடியும் காற்றும்

கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மின்சூளையில் சுமார் 800 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினால் அவை உருகி ஒன்றிவிடுகின்றன. வீட்டிலிருந்தே செய்யத்தக்க இக்கைத்தொழிலுக்குப் பெரும்பகை காற்றுக் குமிழியே.

தகடுகளுக்கிடையே தங்கும் சிறு குமிழிகள் அழகைச் சற்றே குறைக்கும். அடியிலிருந்து கிளம்பும் பெருங்குமிழியோ கண்ணாடியையே துளைத்துவிடும். நவராத்திரித் தாம்பூலத்திற்கென முன்பணம் பெற்றுச் செய்த தட்டுகளுள் மூன்று இவ்வாறு பாழாயின. மூன்றிலும் குமிழி ஒரே இடத்தில் எழுந்தமையால், சூளையின் சுடுமண் பலகையை ஆராய்ந்தோம். எஃகு அளவுகோலை அதன்மீது விளிம்பாக நிறுத்தியபோது, அவ்விடத்தில் கீழே ஒளி தெரிந்தது. பலகை குழிந்திருந்தது! குழியில் சிறைப்பட்ட காற்று சூட்டில் விரிந்து, இளகிய கண்ணாடியை மேலே தள்ளியிருக்கிறது.

கண்ணாடி ஒட்டாதிருக்கப் பலகையில் பூசும் வெண்களிமண், அலுமினாக் கலவையில் ஈரம் எஞ்சினாலும் இதே கேடு விளையும். நன்கு உலர்த்துதல் வேண்டும். உரிந்த பழம்பூச்சைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசுதல் நன்று. குழிந்த பலகையை மாற்ற இயலாவிடில், வெப்பந்தாங்கும் இழைத்தாளை விரித்தால் அதன் வழியே காற்று வெளியேறும். சுமார் 650 டிகிரியில் அரைமணி நேரம் நிறுத்தினால், மேல்தகடு மெல்லத் தாழ்ந்து, இடைக்காற்றை ஓரத்திற்குத் தள்ளிவிடும்.

கண்ணாடியைப் பழிக்குமுன் பலகையைப் பார்ப்போமாக. பொருளும் மிஞ்சும், கொடுத்த வாக்கும் நிற்கும்.