தரங்கம்பாடியின் கற்கள்

மயிலாடுதுறையிலிருந்து பொறையாறு வழியாகக் கிழக்கே சென்றால், வயல்வெளிகள் முடியுமிடத்தில் கடற்காற்று முகத்தில் மோதுகிறது. அதுவே தரங்கம்பாடி. மதரஸா மாணவர்கள் பன்னிருவருடன் அண்மையில் அங்குச் சென்று வந்தேன்.

1792ஆம் ஆண்டைச் சேர்ந்த நகர வாயிலைக் கடந்து நடந்தால், புது எருசலேம் ஆலயம் கண்ணில் படுகிறது. 1718இல் எழுந்த அதன் முகப்பில் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக்கின் முத்திரை இன்றும் தெளிவாக உள்ளது. ஜெர்மனியில் பிறந்து, 1706இல் இங்கு வந்து, தமிழ் கற்று, அச்சுக்கூடம் அமைத்துத் தமிழ் நூல்களை அச்சேற்றிய சீகன்பால்கு இவ்வாலயத்தினுள்ளே அடக்கமாகியுள்ளார். 1719இல் மறைந்தபோது அவருக்கு வயது 36.

கடலை நோக்கி நிற்பது டேனிஷ் கோட்டை. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கருடன் செய்த உடன்படிக்கையின் பேரில் டேனிஷ்காரர் கட்டியது. 1845இல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டு அவர்கள் புறப்பட்டனர். கோட்டைக்குள் இப்போது அருங்காட்சியகம் இருக்கிறது.

இவையனைத்திற்கும் மூத்தது, 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில். அதன் முன்பகுதியைக் கடல் விழுங்கிவிட்டது. எஞ்சியதைக் காக்கக் கரையில் பாறாங்கற்களை அடுக்கியிருக்கிறார்கள். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் கண்டு நின்ற கரை இது.

அக்கற்களின் மேல் நின்று மாணவன் ஒருவன் கேட்டான்: "ஹஜ்ரத், நம்மூரில் இப்படிப் பழைய கல் ஏதும் இல்லையா?"

நான் உடனே விடை கூறவில்லை. எங்களூர் மையவாடியில் அரபு எழுத்தும் அரபுத் தமிழும் பொறித்த மீஜான் கற்கள் பல இருந்தன. இருபதாண்டுகளுக்கு முன் சுற்றுச்சுவர் எடுத்தபோது, அவற்றுள் பெரும்பாலானவை உடைந்து அஸ்திவாரத்துக்குள் போயின. அப்போதுதான் நான் வரலாற்றில் பட்டம் பெற்றிருந்தேன். அவற்றின் மதிப்பை அறிந்திருந்தும், பெரியவர்கள் முன் வாய் திறக்க அஞ்சி நின்றேன்.

கோயிலின் முகப்பைக் கொண்டுபோனது கடல். எங்கள் முன்னோரின் பெயர்களைக் கொண்டுபோனது யார்? அதனை மாணவர்களிடம் மறைக்காமல் சொன்னேன்.

ஊர் திரும்பிய மறுநாள் பிள்ளைகள் மையவாடிக்கு வந்தனர். எஞ்சியிருந்த கற்கள் நான்கு. பாசியை மெல்லத் துடைத்து, பெயரையும் ஹிஜ்ரி ஆண்டையும் நோட்டில் எழுதிக்கொண்டனர்.

அன்பு வாசகர்களே! உங்களூர் மையவாடியில் சுவர் எழுப்புமுன், பழைய பள்ளிவாசலைப் புதுப்பிக்குமுன், அங்குள்ள கற்களில் இருப்பதை ஒரு தாளிலேனும் பெயர்த்தெழுதி வையுங்கள். அதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. ஒரு பிற்பகல் போதும்.