புத்தர் பார்க்கும் திசை

லடாக் போய் வந்ததிலிருந்து "பனி பார்த்தீங்களா சார், ஒட்டகம் ஏறினீங்களா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டும் ஆயிற்று. ஆனால் மனசை விட்டு நகராமல் இருப்பது டிஸ்கிட் மடத்துப் புத்தர்தான். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

மறைமலைநகரிலிருந்து ஓய்வுபெற்றவர்கள் பன்னிரண்டு பேர் கிளம்பினோம். லே நகரமே 11,500 அடி உயரம். இரண்டு நாள் அறையில் சும்மா கிடந்து உடம்பைப் பழக்கிய பிறகுதான் கர்துங் லா கணவாய் ஏறினோம். உச்சியில் 18,380 அடி என்று பலகை வைத்திருக்கிறார்கள். சரியாக அளந்தவர்கள் கணக்கில் அது 17,582 தான். (வாத்தியார் புத்தி, பலகையைக்கூடத் திருத்தச் சொல்லும்.) கணக்கில் எண்ணூறு அடி குறைந்ததால் மூச்சு ஒன்றும் லேசாகிவிடவில்லை. கற்பூரத்தை முகர்ந்துகொண்டே அந்தப் பக்கம் இறங்கினால் நுப்ரா பள்ளத்தாக்கு. பச்சையே இல்லாத மலைகள், நடுவே சாம்பல் நிறத்தில் ஷியோக் ஆறு.

டிஸ்கிட் மடம் பதினான்காம் நூற்றாண்டில் தொடங்கியது. நுப்ராவில் மிகப் பழையதும் பெரியதும் அதுதான். மலைச்சரிவில் தேன்கூடு மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதற்குக் கீழே தனிக் குன்றில் 106 அடிப் புத்தர். 2006ல் கட்டத் தொடங்கி, 2010 ஜூலையில் தலாய் லாமா வந்து திறந்துவைத்தார். கன்னியாகுமரி வள்ளுவரைப் பீடம் நீக்கி அளந்தால் 95 அடி. அவரைவிட இவர் கொஞ்சம் உயரம்.

இவர் கண்மூடித் தியானத்தில் இருக்கும் புத்தர் அல்ல. தலையில் கிரீடம், நாற்காலியில் உட்காருவதுபோலக் கால்களைத் தொங்கவிட்ட நிலை. இனிமேல் வரப்போகும் புத்தர், மைத்ரேயர். முப்பது வருடம் வகுப்பில் "தமிழகத்தில் பௌத்தம் இருந்தது, மறைந்தது" என்று நடத்தியவன் நான். நமக்குப் பக்கத்துக் காஞ்சியில்தான் மணிமேகலையின் கதை முடிகிறது. வரப்போகும் புத்தரைப் பற்றிய பேச்சு அந்தக் காப்பியத்திலும் உண்டு. நமக்குப் பாடப்புத்தகமாகிவிட்ட ஒன்றுக்கு இங்கே ஒரு பாட்டி ஜபச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே வாய் ஓயாமல் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

சிலை ஷியோக் ஆற்றைப் பார்த்து, பாகிஸ்தான் இருக்கும் திசை நோக்கி அமர்ந்திருக்கிறது. போர் வேண்டாம் என்ற வேண்டுதலோடு அப்படி வைத்ததாகச் சொன்னார்கள். சியாச்சின் பனியாறு உருகி நுப்ரா ஆறாக வந்து இங்கே பக்கத்தில்தான் ஷியோக்கில் கலக்கிறது. அந்தத் தண்ணீர் அப்படியே எல்லை தாண்டிப் போய்ச் சிந்துவில் சேர்கிறது. 1984 முதல் இரு நாட்டுச் சிப்பாய்களும் காவல் காக்கிற பனி, இவர் காலடி வழியாக யாரையும் கேட்காமல் அந்தப் பக்கம் போய்விடுகிறது.

மேலே பழைய மடத்துக்குள் வேறு உலகம். இருட்டறையில் உக்கிரமான காவல் தெய்வங்கள், முகத்தைத் துணியால் மூடியிருக்கிறார்கள். படையெடுத்து வந்த மங்கோலியன் ஒருவனின் தலையும் கையும் அங்கே இருப்பதாக ஒரு கதை உண்டு. உடலை எங்கே எறிந்தாலும் திரும்பத் திரும்ப மடத்துக்கே வந்துவிட்டதாம். என் மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள். "வெளியே சாந்தமா ஒருத்தர், உள்ளே வெட்டின கை. எதை நம்பறது?" என்றாள். எனக்கும் பதில் தெரியவில்லை.

கீழே இறங்கியபோது சிலையடியில் சீருடையோடு ஒரு பையன். நாங்கள் பேசுவதைக் கேட்டு ஓடிவந்தான். "ஐயா, தமிழா? எந்த ஊரு?" அவனுக்கு மதுராந்தகம் பக்கம். மறுநாள் மேலே போஸ்ட்டுக்குப் போகிறானாம். எந்தப் பக்கம் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அவனுடைய பிரீபெய்டு சிம் இங்கே வேலை செய்யாது. என்னுடையது போஸ்ட்பெய்டு. கொடுத்தேன்.

"குளிரெல்லாம் இல்லம்மா. நம்ம ஊரு மார்கழி மாதிரிதான்." சொல்லும்போதே கை நடுங்கிக்கொண்டிருந்தது. மூன்று நிமிடம்கூடப் பேசியிருக்க மாட்டான். என் மனைவி பையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தை அப்படியே அவன் கையில் திணித்தாள். ஓடிப்போய் லாரியில் ஏறிக்கொண்டான்.

அந்த அம்மா என் எண்ணைப் பத்திரமாக வைத்திருக்கிறார். ஊர் திரும்பிய பிறகு இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார், மகன் ஏதாவது பேசினானா என்று. நேற்று கூப்பிட்டபோது, "அந்த சாமி சிலை ரொம்பப் பெருசாமே சார். புள்ள இருக்கிற எடத்துலேருந்து தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியும் அம்மா என்றேன்.