கறுத்த படமும் கற்ற பாடமும்

கருமம் பிழைத்தவிடத்துப் பிறர் கையைப் பழித்தல் மாந்தர் இயல்பு. அவ்வியல்புக்கு நாமும் விலக்கல்லோம் என்பதை 2023 ஆம் ஆண்டில் நடந்த எம் வகுப்பினரின் ஒன்றுகூடல் எமக்கு உணர்த்திற்று. அதனை இம்மலரில் எழுதுவது பொழுதுபோக்குக்காக அன்று. எம் கல்லூரி மாணவர் ஒருவருக்கு நாம் இழைத்த தவற்றை ஒப்புக்கொள்வதற்காகவேயாம்.

அன்று, எமக்குப் பௌதிகம் கற்பித்த ஆசான், தொண்ணூறு வயதைக் கடந்தவராயினும், எம் அழைப்பை மறுக்காது வந்திருந்தார். நண்பகலில் வேப்பமர நிழலில் அவரை நடுவே இருத்திச் சூழ நின்றோம். எமது டிஜிற்றல் கமராவை உயர்தர வகுப்பு மாணவர் ஒருவரிடம் கொடுத்தோம். அவர் மூன்று முறை பொத்தானை அழுத்தினார். வெளியின் வெளிச்சத்தில் கமராவின் சிறு திரையில் எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. படம் எடுத்தாயிற்று என்ற நிறைவோடு உணவுக்குக் கலைந்தோம். ஆசானும் விடைபெற்றுச் சென்றார்.

இரவு அப்படங்களைக் கணினியில் இட்டுப் பார்த்தபோது எம் நெஞ்சம் துணுக்குற்றது. முதற்படத்தில் ஆசான் அருகிருந்தவரை நோக்கித் திரும்பியிருந்தார். அவர் முகம் விழவில்லை. இரண்டாவது படம் கரும்பலகை போன்றிருந்தது. மூன்றாவதோ எழுதாத வெள்ளைத்தாள்! சினம் மேலிட, அப்பொழுதே அம்மாணவரைத் தொலைபேசியில் அழைத்து, “தம்பி, நீர் கமராவில் எதைத் திருகினீர்?” என்று கடிந்து கேட்டோம். “நான் பொத்தானை மட்டுந்தான் அழுத்தினேன், ஐயா” என்றார் அவர். நாம் நம்பவில்லை.

மறுநாள் நோயின் மூலத்தைத் தேடத் தொடங்கினோம். வில்லையின் மூடி கழற்றப்படாதிருந்தால் படம் கறுக்கும். ஆனால் அது வெளுப்பதற்கு வழியில்லை. ஒளியை விட்டு மறைக்கும் திரை பழுதுற்றாலும் படம் கறுக்கும். ஆனால் அதன்பின் நாம் எடுத்துப் பார்த்த படங்களில் அப்பழுதின் அறிகுறி இல்லை. நினைவட்டை கெட்டிருப்பின் கோப்பே திறவாதிருக்கக்கூடும். எம் கோப்புகளோ ஒழுங்காகத் திறந்தன.

அப்பொழுதுதான் ஆசான் ஆய்வுகூடத்தில் ஓயாது கூறிவந்த அறிவுரை நினைவில் எழுந்தது: முதலில் வாசிப்பைக் குறித்துக்கொள், காரணத்தைப் பின்னர் சொல். டிஜிற்றல் கமரா தான் எடுக்கும் படம் ஒவ்வொன்றினுள்ளும் வாசிப்புகளை எழுதிவைக்கின்றது. இதற்கு எக்சிஃப் என்று பெயர். 1995 ஆம் ஆண்டில் யப்பானில் வகுக்கப்பட்ட ஒழுங்கு அது. திறந்து பார்த்தோம். முதற்படத்துக்கு ஒளி விழுந்த நேரம் ஒரு செக்கனில் 125 இல் ஒரு பங்கு. இரண்டாவதற்கு 1000 இல் ஒரு பங்கு. மூன்றாவதற்கு 15 இல் ஒரு பங்கு. அதாவது, சரியான அளவு ஒன்று, அதன் எட்டிலொரு பங்கு ஒன்று, ஏறக்குறைய எட்டு மடங்கு ஒன்று! பழுதுற்ற கருவி இத்துணை ஒழுங்காகப் பிழைசெய்யுமா?

செய்யாது. ஒரே காட்சியை அளவாகவும் குறைவாகவும் கூடுதலாகவும் ஒளிவிட்டு மூன்று முறை பதியும் ஏற்பாடு ஒன்று கமராவில் உண்டு. முந்திய நாள் வைகறையில், வானொளியின் முன் கோபுரத்தைப் படமெடுக்கும்பொருட்டு அதனை அமைத்தவர்கள் நாமே. எமது கமராவில் அந்த ஏற்பாடு அணைத்து ஏற்றினாலும் நீங்காது. அதனை மறந்தவர்களும் நாமே. கமரா எம் கட்டளையைப் பிசகாது நிறைவேற்றிற்று. மாணவரும் அவ்வாறே.

நாணத்தோடு அந்தக் கறுத்த படத்தை மீண்டும் நோக்கினோம். மிகுந்த ஒளியால் வெளுத்த படத்தில் மீட்பதற்கு ஒன்றும் எஞ்சாது. ஒளி குறைந்த படத்திலோ விவரங்கள் இருளுள் மறைந்து கிடக்கும். நல்வாய்ப்பாகக் கமரா செப்பனிடாத மூலக் கோப்பையும் சேமித்திருந்தது. கணினியில் அதன் ஒளியைச் சிறிது சிறிதாக உயர்த்தினோம். முதலில் வெள்ளை வேட்டிகள் தோன்றின; பின்னர் தோள்கள்; அதன்பின் முகங்கள். நடுவே எம் ஆசான், எம்மில் யாரோ சொன்ன பகிடிக்கு வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். வெறும் படம் என்று நாம் அழிக்க இருந்தது அதனையே!

அன்று மாலையே மாணவரின் இல்லம் சென்று மன்னிப்புக் கேட்டோம். “அதற்கென்ன, ஐயா, படம் கிடைத்ததே” என்றார் அவர். சினந்து கேட்ட எமக்கு அந்தப் பெருந்தன்மை வாய்த்திருக்கவில்லை.

இரண்டு திங்களின் பின் ஆசான் இறைவனடி சேர்ந்தார். இன்று அவர் இல்லத்து முன்னறையில் மாலையுடன் விளங்குவது அப்படமே. அதனைக் காணுந்தோறும், வாசிப்பைப் பார்க்குமுன் தீர்ப்புச் சொன்ன மாணாக்கரைக் கண்டே அவர் சிரிக்கின்றார் என்று எமக்குத் தோன்றும்.