பிரேக் மிதிக்கும் கால்

பொரளை, கொழும்பு 8



காரைக்குடியிலிருந்து கல்யாணமாகி நான் வந்து சேர்ந்த இந்தப் பொரளை, ஆஸ்பத்திரிகள் சூழ்ந்த இடம். சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரி இங்கேதான் இருக்கிறது. ஆயுர்வேத ஆஸ்பத்திரியும் இங்கேதான். கின்சி வீதிப் பக்கம் திரும்பினால் மருத்துவ பீடமும் டி சொய்சா மகப்பேற்று மருத்துவமனையும் வரும். அதையும் தாண்டினால் தேசிய வைத்தியசாலை. காலையில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்களில் பாதிப் பேர் கையில் எக்ஸ்ரே உறையோ கைக்குழந்தையோ இருக்கும். தூர ஊர்களிலிருந்து வருகிறவர்கள் அவர்கள். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் வீதியில் இறங்கிவிடுவார்கள்.

இப்படியான இடத்தில் கார் ஓட்டுகிறவருக்கு முதலில் வேண்டியது, நினைத்த கணத்தில் வண்டியை நிறுத்தும் கால். வலது இடுப்பு மூட்டை மாற்றிக்கொண்ட பிறகு எனக்கு இது நன்றாக விளங்கியது. ஆகவே இந்த மடலில் அதைப் பற்றியே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் அம்மாவோ அப்பாவோ இந்த அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கக் கூடும்.

சிகிச்சையைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. ஜான் சார்ன்லி என்ற ஆங்கிலேய மருத்துவர் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் 1962ஆம் ஆண்டு உலோகப் பந்தையும் பாலிஎத்திலீன் கிண்ணத்தையும் சேர்த்து இடுப்பு மூட்டு அமைத்தார். அதற்கு முன் டெஃப்லானில் செய்த கிண்ணங்கள் சீக்கிரமே தேய்ந்து போயிருந்தன. அவர் வகுத்த வழியில்தான் இன்றும் உலகமெங்கும் மக்கள் வலியில்லாமல் நடக்கிறார்கள். இங்கிருந்து சென்னைக்குப் போய்ச் செய்துகொண்டு திரும்புகிறவர்களும் உண்டு. மறுநாளே வாக்கரைப் பிடித்து நடக்கச் சொல்வார்கள். சில வாரங்களில் கைத்தடியும் தேவைப்படாமல் போய்விடும்.

கவனிக்க வேண்டிய இடம் அதுதான். நடக்க முடிகிறதே, இனி ஓட்டலாம் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. எனக்குப் பயிற்சி தந்த பிசியோதெரபிஸ்ட் பெண் ஒரு நாள் கேட்டாள்: "அன்ரி, நீங்கள் நல்லா நடக்கிறீங்கள். ஆனா ஒரு பிள்ளை குறுக்க ஓடி வந்தா சடாரெண்டு பிரேக்கை மிதிப்பீங்களோ?"

நடக்கும்போது அடுத்த அடியை நாமே தீர்மானித்து வைக்கிறோம். பிரேக் அப்படியல்ல. ஆக்சிலரேட்டரிலிருந்து காலைத் தூக்கி, பக்கவாட்டில் கொண்டுபோய், முழுப் பலத்தோடு அழுத்த வேண்டும், அதுவும் யோசிக்க நேரமில்லாமல். இதில் இடுப்பைச் சுற்றியுள்ள தசைகளும் வேலை செய்கின்றன. அறுவையில் வெட்டியோ விலக்கியோ வைக்கப்பட்டவை அதே தசைகள்தான். வலி வந்துவிடுமோ என்ற அச்சமும் காலைக் கொஞ்சம் பின்னுக்கு இழுக்கும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் அரை நொடி தாமதித்தால் கார் ஏறக்குறைய 7 மீட்டர் கூடுதலாக ஓடிவிடும். சிறுவர் ஆஸ்பத்திரி வாசலில் 7 மீட்டர் என்பது ஒரு குடும்பத்தின் வாழ்க்கை.

பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை பொதுவாகச் சொல்லும் கணக்கு சுமார் 6 வாரம், அதுவும் அறுவை செய்த மருத்துவர் சரி என்று சொன்ன பிறகே. 3 மாதம் கடந்தும் ஓட்ட முடியாவிட்டால் அங்கே லைசன்ஸ் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். எந்தக் கால், எந்த வண்டி என்பதையும் பார்க்க வேண்டும். கொழும்பில் ஜப்பானிலிருந்து வந்த ஆட்டோ கியர் கார்கள் நிறைய. அவற்றுக்கு இடது காலில் வேலையில்லை என்பதால் இடது இடுப்பில் அறுவை செய்தவருக்கு மருத்துவர் சற்று முன்னதாகவே அனுமதி தரக்கூடும். தமிழ்நாட்டில் கிளச் மிதிக்கும் வண்டிகள் அதிகம், இரண்டு காலுமே தேறியாக வேண்டும். ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்கள் இன்னும் பொறுக்க வேண்டும். சிக்னலில் ஒரு காலை ஊன்றி வண்டியின் பாரத்தையும் தாங்க வேண்டியிருக்கிறதே.

மருந்தும் கணக்கில் வரும். டிரமடோல், கோடீன் போன்ற வலி மாத்திரைகள் தூக்கத்தையும் மந்தத்தையும் தரும். அவற்றை எடுத்துக்கொண்டிருக்கும் வரை சாவியைத் தொடக் கூடாது. உட்காரும் முறையும் முக்கியம். சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, தாழ்வாக இருந்தால் கெட்டியான மெத்தை போட்டு, முதலில் உட்கார்ந்துவிட்டு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். எஞ்சினை அணைத்துவிட்டு, நிற்கும் காரிலேயே பிரேக்கை ஓங்கி மிதித்துப் பழக வேண்டும். வலியில்லாமல், தயங்காமல் அது வந்த பிறகே பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு ஆளில்லாத மைதானத்தில் ஓட்டிப் பார்க்கலாம். பொரளைச் சந்தி எல்லாவற்றுக்கும் கடைசியில்தான்.

இனி இன்சூரன்ஸ். இலங்கையில் 1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும் இந்தியாவில் 1988ஆம் ஆண்டின் சட்டமும் மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. நம் வண்டியால் அடிபடுகிறவர் நட்டஈடு இல்லாமல் போய்விடக் கூடாது என்பதே நோக்கம். நம் வண்டிக்கும் நமக்கும் கிடைப்பதோ, நாம் கையெழுத்திட்ட பாலிசியின் நிபந்தனைகளைப் பொறுத்தது. ஓட்டத் தகுதியில்லாத உடல்நிலையில் ஓட்டியதாகத் தெரிந்தால் கம்பெனி கேள்வி கேட்கும்.

இந்தக் கேள்விக்குப் பின்னால் பழைய வழக்கொன்று இருக்கிறது. சுமத்ராத் தீவில் இருந்த ஆங்கிலேயக் கோட்டை ஒன்றுக்கு அதன் ஆளுநர் கார்ட்டர் எடுத்த இன்சூரன்ஸ் பற்றி 1766இல் லண்டனில் தீர்ப்புச் சொன்னார் மான்ஸ்ஃபீல்ட் பிரபு. இடரைக் கணிக்கத் தேவையான செய்தியை இரு தரப்பும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. இந்தியாவிலும் இலங்கையிலும் இன்சூரன்ஸ் சட்டம் ஆங்கிலேயச் சட்டத்தில் வேர் கொண்டது. ஆகவே ஓட்டத் தொடங்குமுன் கம்பெனிக்கு அழைத்து, "இன்ன தேதியில் இந்த அறுவை நடந்தது, மருத்துவர் இன்ன தேதியிலிருந்து ஓட்டலாம் என்கிறார்" என்று சொல்லிவிடுங்கள். பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். ஒரு மின்னஞ்சல் போதும்.

ஆனால் மருத்துவர் அந்தத் தேதியை எங்கே எழுதுகிறார்? இங்கே லைசன்ஸ் எடுக்கும்போதும் புதுப்பிக்கும்போதும் மருத்துவச் சான்றிதழ் கேட்பார்கள். இடையில் நடக்கும் அறுவையைப் பற்றி லைசன்ஸ் அட்டைக்கு எதுவும் தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது 'டயக்னோசிஸ் கார்ட்' ஒன்று தருவார்கள், தமிழ்நாட்டில் டிஸ்சார்ஜ் சம்மரி என்போமே, அது. அறுவையின் பெயர், மருந்துகள், அடுத்த கிளினிக் நாள் எல்லாம் அதில் இருக்கும். வண்டி ஓட்டுவது பற்றியும் ஒரு வரி அதில் இருக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். 'இன்ன தேதி வரை ஓட்டக் கூடாது, அதன் பின் பரிசோதித்த பிறகே' என்று எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த ஒரு வரி நோயாளியின் அவசரத்தைத் தடுக்கும், இன்சூரன்ஸ் கம்பெனியிடம் ஆதாரமாகும், பிள்ளைகளுக்கும் உரிமையோடு "இன்னும் வேண்டாம்மா" என்று சொல்லத் துணிவு தரும்.

டாக்டர் தாமாக எழுதாவிட்டால் நீங்கள் கேட்டு வாங்குங்கள். அறுவைக்கு முன் நடக்கும் சந்திப்பிலேயே கேளுங்கள், பிறகு அவசரத்தில் மறந்துபோகும். அதுவரைக்கும் கொட்டாஞ்சேனை நாத்தனார் வீட்டுக்கோ வெள்ளவத்தைக் கடைக்கோ உங்களைக் கூட்டிப்போக யாராவது முன்வந்தால், கடமைப்பட்டோமே என்று கூசாமல் ஏறி உட்காருங்கள். நல்ல காலோடு திரும்பி வருகிற ஓட்டுநருக்காக வீதியும் காத்திருக்கலாம்.

அன்புடன்,
உங்கள் பொரளைத் தோழி