வெள்ளை யானைக்கு வந்த வேலை

வெள்ளை யானை என்றதும் நமக்கெல்லாம் இந்திரனுடைய ஐராவதந்தான் ஞாபகம் வரும். வெள்ளைக்காரர்களுக்கோ, தீனி போட்டே ஆளை ஓட்டாண்டியாக்கும் உபயோகமற்ற சொத்து என்று அர்த்தம். ஆஸ்திரேலியாவின் தலைநகரான கான்பெராவில் அப்படி ஒரு பிரம்மாண்டமான யந்திரம் இருந்தது. அதைக் கட்டிய விஞ்ஞானியின் பெயர் மார்க் ஆலிஃபண்ட். இங்கிலீஷில் யானை 'எலிஃபண்ட்' அல்லவா? ஊரார் சும்மா இருப்பார்களா? 'வெள்ளை ஆலிஃபண்ட்' என்று அந்த யந்திரத்துக்கு நாமகரணம் செய்துவிட்டார்கள்.

ஆலிஃபண்ட் லேசுப்பட்டவரல்ல. யுத்த காலத்தில், 1940-ல், பர்மிங்ஹாமில் அவருடைய ஆராய்ச்சிக்கூடத்தில்தான் புது மாதிரி மாக்னெட்ரான் குழல் உருவாயிற்று. இன்று உங்கள் சமையலறை மைக்ரோவேவ் அடுப்புக்குள் உட்கார்ந்திருப்பது அதன் வாரிசுதான். அணுகுண்டு வேலையிலும் அவருக்குப் பங்கு உண்டு. ஹிரோஷிமாவுக்குப் பிறகு அணு ஆயுதங்களை வாய்விட்டுக் கண்டித்தார். 1950-ல் ஊர் திரும்பி, அணுவை ஆராய ஒரு யந்திரம் கட்ட ஆரம்பித்தார். அது முடியவே இல்லை. அதற்கு மின்சாரம் கொடுக்கவேண்டிய ஜெனரேட்டர் மட்டும் 1962-ல் தயாராகி நின்றது!

கனமான எஃகுச் சக்கரங்களை மெள்ள மெள்ளச் சுழலவிட்டு, அந்தச் சுழற்சியையெல்லாம் ஒரே மூச்சில் மின்சாரமாக்கும் யந்திரம் அது. வருஷமெல்லாம் சீட்டுக் கட்டித் தீபாவளியன்று ஒரே நாளில் செலவழிக்கிறோமே, அந்தக் கதைதான். பத்து லட்சம் ஆம்பியருக்கு மேல் பாயும். நம் வீட்டில் ஐந்து ஆம்பியர் ஃப்யூஸ் போனதற்கே என்ன அமர்க்களம்!

ரிச்சர்ட் மார்ஷல், ஜான் பார்பர் முதலியோர் 1970-களில் இந்த யானைக்கு வேலை கொடுத்தார்கள். இரண்டு தண்டவாளங்கள், நடுவே மூன்று கிராம் பிளாஸ்டிக் துண்டு. ஒரு தண்டவாளத்தில் போகும் மின்சாரம், துண்டின் பின்னால் தீப்பிழம்பாகத் தாவி, மற்றதன் வழியே திரும்புகிறது. உங்கள் மின்விசிறியைச் சுற்றவைக்கும் அதே காந்த விசைதான் துண்டை முன்னே தள்ளுகிறது. வெடிமருந்து ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. ஆனால் வேகம்? வினாடிக்கு 5.9 கிலோமீட்டர்! சாதாரணத் துப்பாக்கிக் குண்டுக்கு ஒரு கிலோமீட்டரே பிரமாதம்.

எதற்கு இத்தனை அவசரம் என்று கேட்பீர்கள். விண்கலங்களை மோதும் தூசிகள் இதைவிட வேகமாக வருகின்றன. அந்த அடியைத் தரையிலேயே சோதித்துப் பார்க்க இத்தகைய துப்பாக்கி உதவும். எனக்குப் பிடித்த காரணம் இதுதான். கடற்படைகளின் யோசனையோ வேறு. 2010-ல் அமெரிக்கர்கள் வர்ஜீனியாவிலுள்ள டால்கிரனில், 33 மெகாஜூல் சக்தியோடு சுட்டுப் பார்த்தார்கள். தொல்லை தண்டவாளத்தில் வந்தது. சூடும் உராய்வும் அதை அரிக்கின்றன. போதாக்குறைக்கு, குண்டைத் தள்ளும் விசையே இரண்டு தண்டவாளங்களையும் பிளந்து தள்ளப் பார்க்கிறது. 2021-ல் திட்டத்தைக் கைவிட்டார்கள். ஜப்பானியர் விடவில்லை, 2023-ல் கப்பலிலிருந்தே சுட்டார்கள்.

ஆயுதத்தை வெறுத்தவர் அணுவைப் பார்க்கச் செய்த யந்திரம், கடைசியில் துப்பாக்கிக்குத் தீனி போட்டதே என்று எனக்குச் சங்கடந்தான். கான்பெரா யந்திரத்தை 1980-களில் பிரித்துவிட்டார்கள். அதற்குள் இருபது வருஷத்துக்கு மேல் எத்தனையோ பரிசோதனைகளுக்கு உழைத்திருந்தது. ஆலிஃபண்ட் 2000-ல், தமது 98-வது வயதில் காலமானார். பெயர் வைத்துச் சிரித்தவர்கள் இந்த இருபது வருஷக் கணக்கைப் பார்த்தார்களோ, என்னவோ!